குதிரைக்குக் கண்ட களிம்பையும் தடவலாமா? உரிமம் இல்லாத பூச்சு மருந்துகளால் என்ன ஆபத்து? - முழு விளக்கம்

குதிரைக்குத் தோலில் புண், அரிப்பு, கட்டி, உண்ணி என எது வந்தாலும் நம்மில் பலர் முதலில் தேடுவது கையில் இருக்கும் ஏதாவது ஒரு களிம்பைத்தான். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்து, வீட்டில் மிச்சமிருக்கும் படர்தாமரை கிரீம், முட்டி வலிக்கு வாங்கிய ஜெல், ஆன்லைனில் வரவழைத்த 'மூலிகைத் தைலம்' என்று பட்டியல் நீளும். 'வாய்க்குள்ளயா ஊத்துறோம், மேலதானே தடவுறோம்' என்பதுதான் எல்லோரும் சொல்லும் சமாதானம்.

அப்படி மேலே தடவிய ஒரு களிம்புதான் உலகின் மிகப் பிரபலமான குதிரைப் பந்தயம் ஒன்றின் முடிவையே மாற்றியதாகச் சொல்லப்படுகிறது. அந்தச் சம்பவத்தில் தொடங்கி, எந்த மருந்து ஏன் ஆபத்து, இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது, ஏற்கெனவே தடவிவிட்டால் என்ன செய்வது என்பதை இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

கென்டக்கி டெர்பியில் நடந்தது என்ன?

2021 மே 1-ம் தேதி, அமெரிக்காவின் லூயிவில் நகரில் இருக்கும் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் 147-வது கென்டக்கி டெர்பி நடந்தது. அதில் முதலில் வந்தது மெடினா ஸ்பிரிட் என்ற குதிரை. ஒரு வயதுக் குட்டியாக இருந்தபோது வெறும் 1,000 டாலருக்கு ஏலம் போன குதிரை அது. எனவே இந்த வெற்றி எல்லா இடத்திலும் தலைப்புச் செய்தியானது.

ஒரே வாரத்தில் கதை மாறியது. பந்தயத்துக்குப் பிறகு எடுத்த ரத்த மாதிரியில் 'பீட்டாமெத்தசோன்' என்ற ஸ்டீராய்டு இருப்பது தெரியவந்தது. அளவு எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லி லிட்டருக்கு 21 பிகோகிராம். ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஆனால் கென்டக்கி விதிப்படி பந்தய நாளில் அந்த மருந்து துளிகூட உடம்பில் இருக்கக் கூடாது.

குதிரையின் பயிற்சியாளர் பாப் பாஃபர்ட் முதலில் 'அந்த மருந்தை நாங்கள் கொடுக்கவே இல்லை' என்று மறுத்தார். இரண்டு நாளில் இன்னொரு விளக்கம் வந்தது. குதிரைக்குத் தோல் அழற்சி இருந்தது, அதற்கு மருத்துவர் சொன்னபடி 'ஓட்டோமேக்ஸ்' என்ற களிம்பைத் தடவினோம், அதில்தான் பீட்டாமெத்தசோன் இருந்திருக்கிறது என்றார் அவர்.

ஓட்டோமேக்ஸ் என்பது நாய்களின் காது நோய்க்கான மருந்து. பாக்டீரியாவைக் கொல்ல ஒரு மருந்து, பூஞ்சையைக் கொல்ல ஒரு மருந்து, வீக்கத்தைக் குறைக்க பீட்டாமெத்தசோன் என மூன்றும் கலந்தது. நாய்க்கு உரிமம் பெற்ற மருந்துதான். குதிரைக்கு அல்ல.

'ஊசி போடவில்லை, களிம்புதான் தடவினோம்' என்ற வாதம் எடுபடவில்லை. எந்த வழியாக உள்ளே போனாலும் விதிமீறல்தான் என்று 2022 பிப்ரவரியில் மெடினா ஸ்பிரிட்டின் வெற்றி ரத்து செய்யப்பட்டது. இரண்டாவதாக வந்த மாண்டலூன் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. முதல் பரிசுத் தொகையான 18.6 லட்சம் டாலரும் கை மாறியது. தீர்ப்பு வரும்போது மெடினா ஸ்பிரிட் உயிரோடு இல்லை. 2021 டிசம்பர் 6-ம் தேதி கலிஃபோர்னியாவில் ஒரு பயிற்சி ஓட்டம் முடிந்ததும் அது சுருண்டு விழுந்து இறந்தது. பிரேதப் பரிசோதனையில் சாவுக்கு உறுதியான காரணம் தெரியவில்லை. எனவே களிம்புதான் கொன்றது என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

இந்தச் சம்பவத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுதான். தோலில் தடவியது தோலிலேயே நிற்பதில்லை.

'உரிமம் இல்லாத மருந்து' என்றால் என்ன?

பெயரே இல்லாத பாட்டிலில் விற்பது மட்டும்தான் உரிமம் இல்லாத மருந்து என்று நினைக்க வேண்டாம். இதில் நான்கு வகை இருக்கு.

முதல் வகை, எந்த உரிமமும் இல்லாமல் விற்கப்படுபவை. உள்ளே என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இரண்டாவது வகை, உரிமம் இருக்கும், ஆனால் குதிரைக்கு இருக்காது. மனிதர், நாய், மாடு ஆகியோருக்கான மருந்தைக் குதிரைக்குத் தடவுவது இந்த வகை. மருத்துவர் யோசித்து எழுதிக் கொடுத்தால் இது சில நேரம் சரியான சிகிச்சையாகவும் இருக்கும். நாமாகத் தடவும்போதுதான் சிக்கல்.

மூன்றாவது வகை, நாமே கலப்பவை. மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில், மயில்துத்தம், சுண்ணாம்பு என கொட்டிலிலும் வொர்க்‌ஷாப்பிலும் கிடைப்பதைக் குழைத்துப் பூசுவது.

நான்காவது வகை, 'மருந்து' என்ற சொல்லையே தவிர்த்துவிட்டு 'ரோமப் பராமரிப்பு எண்ணெய்', 'இயற்கைப் பூச்சு' என்ற பெயரில் வருபவை. விளம்பரத்தில் மட்டும் 'புண் ஆறும், கட்டி கரையும்' என்று இருக்கும்.

உரிமம் என்பது வெறும் அரசு முத்திரை இல்லை. சொன்ன பொருள் சொன்ன அளவில் இருக்கிறதா, அந்த விலங்குக்குப் பாதுகாப்பானதா, சொன்ன வேலையைச் செய்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் யாரோ ஒருவர் ஆதாரத்தோடு பதில் சொல்லியிருக்கிறார் என்று அதற்குப் பொருள். உரிமம் இல்லாவிட்டால் அந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லப்போவது உங்கள் குதிரையின் உடம்புதான்.

தோலில் தடவினால் உள்ளே எப்படிப் போகும்?

ஒரு ஈ வந்து உட்கார்ந்தாலே அந்த இடத்தை மட்டும் சிலிர்த்து உதறும் அளவுக்கு உணர்ச்சி மிகுந்த தோல் குதிரையுடையது. அதில் தடவும் மருந்து மூன்று வழியில் உள்ளே போகும்.

ஒன்று, தோல் வழியாகவே. புண்ணோ உராய்வோ இருந்தால் தடுப்புச் சுவர் உடைந்த மாதிரி, மருந்து வேகமாக ரத்தத்தில் கலக்கும். மேலே துணியோ பேண்டேஜோ இறுக்கிக் கட்டினால், சேணத்துக்கு அடியில் வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் இன்னும் கூடும்.

இரண்டு, வாய் வழியாக. குதிரை தன் காலை, விலாவை நக்கும், கடிக்கும். பக்கத்தில் நிற்கும் குதிரையின் கழுத்தைச் சொறிந்துவிடும். இங்கே ஒரு முக்கியமான விஷயம்: குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. நாயோ மனிதரோ விஷத்தைக் கக்கிவிட வாய்ப்பு உண்டு. குதிரைக்கு அந்தக் கதவே கிடையாது. உள்ளே போனது முழுக் குடலையும் தாண்டித்தான் வெளியே வர வேண்டும்.

மூன்று, இன்னொரு மருந்தின் முதுகில் ஏறி. 'டிஎம்எஸ்ஓ' என்ற திரவம் தோலை எளிதில் ஊடுருவும். போகும்போது கூட இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். அடிபட்ட வீக்கத்துக்கு மருத்துவத் தரத்தில் தயாரான டிஎம்எஸ்ஓ அமெரிக்காவில் குதிரைக்கு அனுமதி பெற்றது. ஆனால் அதே பெயரில் தொழிற்சாலைக் கரைப்பானாகவும் விற்கிறது. அதிலுள்ள கழிவும் சேர்ந்தே உள்ளே போகும். பாதரசம் கலந்த காரக் களிம்பும் டிஎம்எஸ்ஓ-வும் ஒரே நேரத்தில் தடவப்பட்ட குதிரைகளுக்குப் பாதரச நஞ்சு ஏறிய சம்பவம் கால்நடை மருத்துவ ஏடுகளில் பதிவாகி இருக்கிறது.

மாட்டு உண்ணி மருந்து குதிரைக்கு எமன் ஆவது எப்படி?

நம்ம ஊரில் அதிகம் கவனிக்க வேண்டிய ஆபத்து இதுதான். மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி ஒழிக்கத் தண்ணீரில் கலந்து தெளிக்கும் 'அமிட்ராஸ்' மருந்து கால்நடை மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். மாட்டுக்கு நன்றாக வேலை செய்யும். அதே கொட்டிலில் கட்டியிருக்கும் குதிரைக்கும் இரண்டு கை தெளித்துவிட்டால் என்ன என்று தோன்றும்.

குதிரையின் குடல் அசைவை அமிட்ராஸ் அடக்கிவிடும். பெருங்குடலில் தீனி அப்படியே கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும். வயிற்றுவலியில் குதிரை தரையைக் காலால் பறிக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், புரளும், சாணி போடுவது நின்றுவிடும். குதிரை வளர்ப்பவர்கள் 'கோலிக்' என்று சொல்லி நடுங்கும் நிலை இது. உயிர் போகவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் 'குதிரைக்குப் பயன்படுத்தக் கூடாது' என்ற எச்சரிக்கை இந்த மருந்துக்கு உண்டு. பாட்டிலில் பொடி எழுத்தில் இருப்பதால் பலர் கண்ணில் படுவதில்லை.

இன்னொரு பூச்சிக்கொல்லியான 'பெர்மெத்ரின்' ஈ விரட்ட குதிரைக்குப் பல நாடுகளில் பயன்படுகிறது. ஆனால் அது பூனைக்குக் கொடிய நஞ்சு. தெளித்த லாயத்தில் பூனை இருந்தால் அதற்கு ஆபத்து. ஒரு விலங்கின் மருந்து இன்னொன்றுக்கு விஷமாகலாம் என்பதற்கு இந்த இரண்டு மருந்துமே போதுமான சாட்சி.

கட்டியைக் 'கரைக்கும்' கருங்களிம்பு

குதிரைகளுக்கு வரும் தோல் கட்டிகளில் உலகம் முழுக்க அதிகம் காணப்படுவது 'சார்காய்டு'. மாடுகளுக்கு மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ்தான் இதற்கும் பின்னணியில் இருக்கிறது. முதலில் சின்ன மரு போலவோ, முடி கொட்டிய வட்டம் போலவோ தெரியும். வேறு உறுப்புகளுக்குப் பரவாது. ஆனால் இருக்கும் இடத்திலேயே ஆழமாக வேர்விடும்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே ஏராளமான களிம்புகள் ஆன்லைனில் விற்கின்றன. பெரும்பாலும் இரண்டு பொருள் இருக்கும். ஒன்று, துத்தநாக குளோரைடு. மற்றது, 'பிளட்ரூட்' என்ற வட அமெரிக்கச் செடியின் வேர்ச்சாறு. இரண்டுமே தசையை அரிப்பவை. நோய்ப்பட்ட சதை எது, நல்ல சதை எது என்று அவற்றுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இதே பொருள்கள் கலந்த 'கருங்களிம்பை' மனிதர்களுக்குப் புற்றுநோய் மருந்தாக விற்பதற்கு எதிராக அமெரிக்காவின் எஃப்டிஏ பலமுறை எச்சரித்திருக்கிறது.

கட்டி கறுத்து, ஓடு போல விழுந்ததும் 'சரியாயிடுச்சு' என்று தோன்றும். அடியில் வேர் மிச்சமிருந்தால் சீண்டப்பட்ட சார்காய்டு முன்பைவிட வேகமாகவும் பெரிதாகவும் திரும்பி வரும். கண்ணோரம், மூட்டு மேல் இருக்கும் கட்டியில் இதைத் தடவினால் இமையும் மூட்டும் பறிபோகலாம்.

அப்படியானால் பூச்சு மருந்தே கூடாதா என்றால், அப்படி இல்லை. பிரிட்டனின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் உருவான சார்காய்டு களிம்பு ஒன்று பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. புற்றுநோய் மருந்தும் கன உலோகங்களும் கலந்தது அது. ஆனால் குதிரை உரிமையாளர் கையில் கொடுக்க மாட்டார்கள். கால்நடை மருத்துவர்தான் கையுறை போட்டு, அளவு பார்த்து, நாள் கணக்கு வைத்துத் தடவுவார். கடுமையான மருந்தாக இருந்தாலும் கட்டியின் ஆழம் தெரிந்தவர் கையில் அது சிகிச்சை. தெரியாதவர் கையில் அதுவே காயம்.

படர்தாமரை கிரீம், கண் சொட்டு மருந்து: ஸ்டீராய்டு கண்ணி

மனிதர்களுக்கான பல படர்தாமரை கிரீம்களில் பூஞ்சைக்கொல்லியோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். இந்தக் கலவைகள் கட்டுப்பாடின்றிப் பயன்பட்டதால்தான் தோலில் தடவும் பல ஸ்டீராய்டுகளை 2018-ல் மத்திய அரசு மருந்துச்சீட்டுப் பட்டியலில் சேர்த்தது.

குதிரைக்கும் அதேதான். ஸ்டீராய்டு போட்டதும் சிவப்பும் அரிப்பும் மறையும். ஆனால் அந்த இடத்தில் எதிர்ப்புச் சக்தியும் அடங்கிவிடுவதால் பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். குதிரையின் படர்தாமரை சேணம், தூரிகை வழியாக மற்ற குதிரைகளுக்கும், தொட்டவர்களுக்கும் ஒட்டும். ஸ்டீராய்டு அதிகம் உள்ளே போனால் குளம்பு அழற்சி வரும் அபாயம் உண்டு என்றும் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். கால் ஊன்ற முடியாத குதிரைக்கு வாழ்க்கையே இல்லை.

இதைவிட அவசரமானது கண். குதிரையின் கண் பெரியது, பக்கவாட்டில் துருத்தி நிற்பது. வைக்கோல் குத்தியோ, முள் கீறியோ கருவிழியில் புண் வருவது சகஜம். கண் சிவந்து நீர் வடிகிறது என்று ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைப் போட்டால், அந்தப் புண் ஆறாது. பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி கருவிழி கரைந்தே போகலாம். ஓரிரு நாளில் பார்வை போய்விடும். மூடிய கண்ணோடு நிற்கும் குதிரைக்கு வீட்டு மருந்து எதுவும் கிடையாது, அன்றைக்கே மருத்துவர்தான்.

வலி ஜெல் தடவினால் என்ன தப்பு?

மிளகாயின் காரத்துக்குக் காரணமான 'காப்சைசின்' பல வலி நிவாரணக் களிம்புகளில் இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸின் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது, தாண்டும் பிரிவில் சில குதிரைகளின் உடம்பில் இது கண்டுபிடிக்கப்பட்டது. நார்வே வீரர் டோனி ஆண்ட்ரே ஹான்சனின் கமிரோவும் அதில் ஒன்று. விளைவு, நார்வே அணி வென்ற வெண்கலம் பறிக்கப்பட்டு சுவிட்சர்லாந்துக்குப் போனது.

காப்சைசின் ஏன் தடை? இரண்டு காரணம். வலியை மரத்துப்போகச் செய்யும். அடிபட்ட காலோடு குதிரை தாண்டும், காயம் பெரிதாகும். இன்னொரு பக்கம், தடவிய சில நேரத்துக்குத் தோலை எரிய வைக்கும். கால் கம்பில் பட்டால் சுரீர் என்று வலிக்கும் என்பதால் குதிரை பயந்து உயரமாகத் தாண்டும். சிகிச்சை என்ற பெயரில் சித்திரவதை ஆகிவிடும் என்பதால்தான் அந்தத் தடை.

பந்தயமே ஓடாத சவாரிக் குதிரைக்கும் முதல் காரணம் பொருந்தும். நொண்டும் குதிரை 'ஓய்வு கொடு' என்று சொல்கிறது. ஜெல் அந்த வாயை மூடுகிறது, அவ்வளவுதான்.

டைக்ளோஃபெனாக் ஜெல்லுக்கு நம் நாட்டில் கூடுதல் சிக்கல். குதிரைக்கென்றே தயாரான 1 சதவீத டைக்ளோஃபெனாக் பூச்சுக்கு அமெரிக்காவில் அனுமதி இருக்கிறது. இந்தியாவில் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் 2006 முதல் தடை. அந்த மருந்து ஏறிய கால்நடைகளின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக இறந்தன. வெண்முதுகுப் பாறு கழுகுகள் நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. மிச்சமிருப்பவற்றில் ஒரு கூட்டம் நம் நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில்தான் கூடு கட்டுகிறது. ஊட்டியின் சவாரிக் குதிரைகளுக்கும் அந்தக் கூடுகளுக்கும் தூரம் அதிகமில்லை. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவையும் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்டன. வீட்டில் இருக்கும் வலி ஜெல்லின் லேபிளில் இந்தப் பெயர்கள் இருந்தால் குதிரைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

புண்ணை மூடினால் நோயும் மூடுமா?

களிம்பு செய்யும் இன்னொரு தீமை, அது நோயின் முகத்தை மறைப்பது. ஆறாத புண் என்பது பல நோய்களின் வாசல். ஈ கொண்டுவந்து விடும் புழுவால் வரும் கோடைப் புண்ணாக இருக்கலாம். தோல் புற்றுநோயாக இருக்கலாம். கீழ்க்காலில் மிகையாக வளர்ந்த சதையாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

எல்லாவற்றிலும் மோசமானது 'கிளாண்டர்ஸ்'. காலில், விலாவில் வரிசையாகக் கழலை கட்டி, உடைந்து, பிசுபிசுவென நீர் வடியும். மூக்கிலும் சளி ஒழுகும். குதிரை, கழுதை, கோவேறு கழுதைக்கு வரும் இந்த பாக்டீரியா நோய் மனிதருக்கும் தொற்றும், உயிரையும் பறிக்கும். விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் 2009-ன் கீழ் இதைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் ரத்த மாதிரி சோதிக்கப்படும். உறுதியானால் அந்தக் குதிரையைக் கருணைக் கொலை செய்வதுதான் விதி. 'சேணம் உரசின புண்' என்று நினைத்து வெறும் கையால் தினமும் களிம்பு தடவுகிறவர், தன்னையும் அறியாமல் அந்தக் கிருமியோடு விளையாடுகிறார்.

சாணமும் சாம்பலும் குழைத்துப் புண்ணில் அப்பும் பழக்கமும் இன்னும் இருக்கு. ரணஜன்னியை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் மண்ணிலும் குதிரைச் சாணத்திலுமே இருக்கின்றன. வீட்டு விலங்குகளில் ரணஜன்னிக்கு மிக எளிதில் பலியாவது குதிரைதான். புண்ணுக்கு மருந்து என்று நினைத்து நோயை நாமே ஊட்டுகிற வேலை இது.

மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காதே?

செடியிலிருந்து வந்தது எல்லாம் சாது என்றால் எருக்கம்பாலைக் கண்ணில் விட்டுக்கொள்ள யாராவது துணிவார்களா? சேங்கொட்டைச் சாறு பட்டால் தோல் கொப்பளித்துப் புண்ணாகும் என்று நம் தாத்தா பாட்டிக்கே தெரியும். அதனால்தான் சித்த மருத்துவத்தில் அதைச் சுத்தி செய்யாமல் பயன்படுத்துவதில்லை. மேலே பார்த்த பிளட்ரூட்டும் மூலிகைதான்.

இங்கே நாட்டு மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை. மஞ்சளும் வேம்பும் தலைமுறைகளாகப் பயன்பட்டு வருபவை. கேள்வி, பாட்டிலுக்குள் இருப்பது உண்மையில் அதுதானா, எவ்வளவு, வேறு என்ன கலந்திருக்கு என்பதுதான். கால்நடைகளுக்கான ஆயுர்வேத, சித்த மருந்துகளுக்கும் உரிமம் என்ற ஒன்று உண்டு. அது இருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

* 1940-ன் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் 'மருந்து' என்பதன் விளக்கத்திலேயே விலங்குகளுக்கு உள்ளேயும் வெளியேயும் பயன்படுத்துபவை என்று இருக்கிறது. ஆகவே குதிரைக்குத் தடவும் களிம்பும் மருந்துதான். உரிமம் இல்லாமல் தயாரிப்பதும் விற்பதும் குற்றம்.

* 1960-ன் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11-ன்படி, கேடு விளைவிக்கும் மருந்தையோ பொருளையோ வேண்டுமென்றே, நியாயமின்றி விலங்குக்குக் கொடுப்பது குற்றம்.

* 1984-ன் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் சிகிச்சை அளிக்க வேண்டும். கடைக்காரரோ, 'அனுபவசாலி'யோ மருந்து எழுத முடியாது.

வாங்கும் முன் லேபிளில் என்ன பார்க்க வேண்டும்?

* தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்க வேண்டாம்.

* 'மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல, விலங்கு சிகிச்சைக்கு மட்டும்' என்ற வரியும், வளர்ப்பு விலங்கின் தலைப் படமும்.

* எந்தெந்த விலங்குக்கு என்ற பட்டியல். அதில் குதிரை இருக்கிறதா? 'குதிரைக்குக் கூடாது' என்று எங்காவது இருக்கிறதா?

* உட்பொருள்களின் பெயரும் அளவும். 'ரகசியக் கலவை', 'பரம்பரை ஃபார்முலா' என்று மட்டும் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

* 'எல்லாப் புண்ணுக்கும் ஒரே மருந்து', '100 சதவீதம் குணம்' என்ற வாக்குறுதி. நேர்மையான மருந்து இப்படிப் பேசாது.

ஏற்கெனவே தடவிவிட்டேன், இப்போ என்ன செய்யறது?

பதற வேண்டாம். முதலில் கையுறை போட்டுக்கொண்டு, தடவிய இடத்தை மிதமான சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். அழுத்தித் தேய்க்கக் கூடாது. குதிரை நக்காதபடி கட்டுங்கள். மற்ற விலங்குகளையும் குழந்தைகளையும் தள்ளி வையுங்கள். சவாரி வேண்டாம். ஒரு மருந்தை முறிக்க இன்னொரு மருந்து தடவ வேண்டாம். வாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்ற வேண்டாம், அது நுரையீரலுக்குள் போய்விடும்.

மருந்து டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். மருத்துவருக்கு அதுதான் முதல் துப்பு. எப்போது, எவ்வளவு, எத்தனை நாள் தடவினீர்கள் என்று குறித்து வையுங்கள்.

சாணி போடாமல் இருப்பது, தீனி எடுக்காதது, விலாவைப் பார்ப்பது, புரள்வது, அளவுக்கு மீறி வியர்ப்பது, எச்சில் ஒழுகுவது, தள்ளாடுவது, கண் திறக்காமல் இருப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி சேவை கிடைக்கும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

செலவு குறைக்கத்தானே இதெல்லாம்?

மெரினாவிலும் கொடைக்கானலிலும் சவாரி விடுகிறவருக்குக் குதிரை ஒரு நாள் நின்றாலும் அன்றைய அடுப்பு எரியாது. அந்தியூர் சந்தையில் கடன் வாங்கிக் குதிரை பிடித்தவருக்கு மருத்துவர் கட்டணமும் வண்டிச் செலவும் சுமைதான். குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர் எல்லா ஊரிலும் இருக்க மாட்டார். கையில் கிடைத்ததைத் தடவுவது அலட்சியத்தால் மட்டும் அல்ல, வேறு வழி தெரியாததாலும்தான்.

ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். அரசு கால்நடை மருத்துவமனையில் ஆரம்பத்திலேயே காட்டினால் சின்னப் புண் சின்னப் புண்ணாகவே முடியும். களிம்பு மாற்றி களிம்பு தடவி மூன்று மாதம் கழித்துக் கொண்டுபோனால் அறுவை சிகிச்சை, வாரக்கணக்கில் ஓய்வு, சில நேரம் குதிரையே இல்லாமல் போவது என்று செலவு பல மடங்காகும்.

அதுவரைக்கும் வீட்டில் பாதுகாப்பாகச் செய்யக்கூடியது என்ன? புதுப் புண்ணைச் சுத்தமான தண்ணீரிலோ, கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரிலோ கழுவுவது, ஈ மொய்க்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுவது, சேணத்தைக் கழற்றி ஓய்வு கொடுப்பது, ரணஜன்னித் தடுப்பூசி எப்போது போட்டது என்று பார்ப்பது. இந்த நான்கையும் செய்துவிட்டு மருத்துவருக்குப் போன் போடுங்கள். தெரியாத களிம்பின் மூடியைத் திறக்காமல் இருப்பதும் குதிரைக்கு நாம் செய்யும் சிகிச்சைதான்.